ஒன்பது பேர் கூடினர், ஏழு பேர் இணைந்தனர்
சமஷ்டி எவ்வாறு பிறக்கிறது?

கட்டாரின் தலைநகர் டோகாவில், தென்னாசிய உழைப்பாளர் பெருமளவில் வாழும் பகுதிகளுள் ஒன்று நஜ்மா. அங்கு பணிபுரியும் எம்மவர் ஒருவர் டுபாயிலுள்ள உறவினரைக் காண விரும்பினால் வேறொரு நாட்டின் அனுமதியைப் பெறவேண்டும். கையிலுள்ள ரியாலைத் திர்ஹமாக மாற்றவும் வேண்டும். ஆனால் 1966 முதல் 1973 வரை கட்டாரும் டுபாயும் ஒரே நாணயத்தையே பயன்படுத்தின. அதற்கும் மேலாக, இரண்டும் ஒரே நாடாகும் நிலைக்கு மிக அருகில் வந்திருந்தன.

அந்த முயற்சி ஏன் முழுமையாகக் கைகூடவில்லை? கைகூடிய பகுதி எவ்வாறு நிலைத்தது? இதே கேள்வியை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்கர் எவ்வாறு தீர்த்தனர்? சமஷ்டி என்ற ஒரு சொல்லின் பொருட்டே நீண்ட துயரம் கண்ட மக்கள் நாம். ஆகவே இவற்றை அறிந்துகொள்வது எமக்கு வெறும் பொது அறிவு அன்று.

பிரித்தானியாவின் விலகல்

வளைகுடாவிலிருந்து 1971 இறுதிக்குள் தனது படைகளை விலக்கிக் கொள்வதாக 1968 ஜனவரியில் பிரித்தானியா அறிவித்தது. அதுவரை பிரித்தானியாவின் பாதுகாப்பில் இருந்த சிறிய அமீரகங்கள் திகைத்தன. அடுத்த மாதம் 18ஆம் திகதி அபுதாபி ஆட்சியாளர் ஷேக் சயீத்தும் டுபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித்தும் ஒன்றிணைய உடன்பட்டனர். அதே மாதம் 27ஆம் திகதி, பஹ்ரேன், கட்டார் உள்ளிட்ட ஒன்பது ஆட்சியாளர்கள் டுபாயில் கூடி ஓர் ஒன்றியத்துக்கான உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

ஒப்பமிட்ட பின்னரே சிக்கல்கள் தலைதூக்கின. ஒன்பதிலும் மக்கள் தொகை மிகுந்தது பஹ்ரேன். ஒன்றியத்தின் சபையில் மக்கள் தொகைக்கு ஏற்ப ஆசனங்கள் வேண்டும் என்று அது கேட்டது. சிறிய அமீரகங்களோ, சமமான ஆசனங்கள் இல்லையேல் நாம் விழுங்கப்பட்டு விடுவோம் என்று அஞ்சின. தலைநகர் எங்கே என்பதிலும் இழுபறி. 1969 ஒக்டோபரில் அபுதாபியில் நடந்த கூட்டத்தில் ஷேக் சயீத் தலைவராகவும், ஷேக் ராஷித் துணைத் தலைவராகவும், கட்டாரின் ஷேக் கலீபா பிரதமராகவும் தெரிவாகியும் கூட்டம் இணக்கமின்றிக் கலைந்தது. 1971 ஓகஸ்டில் பஹ்ரேனும் செப்டெம்பரில் கட்டாரும் தனித்தனியே சுதந்திர நாடுகளாயின.

பிலடெல்பியாவில் எழுந்த அதே கேள்வி

1787 மே முதல் செப்டெம்பர் வரை பிலடெல்பியா நகரில் கூடிய அமெரிக்கப் பிரதிநிதிகளையும் இதே கேள்விதான் வாட்டியது. பதின்மூன்று மாநிலங்களும் அதற்கு முன்னர் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக இருந்தன. அதன் மத்திய அரசால் வரி விதிக்க முடியவில்லை. வலுவான அரசு வேண்டும் என்பதில் பெரும்பாலானோர் உடன்பட்டனர். அதில் யாருக்கு எத்தனை குரல் என்பதில்தான் பிளவு. பெரிய மாநிலமான வர்ஜீனியா மக்கள் தொகை அடிப்படையைக் கோரியது. 1790 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவின் மக்கள் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கையும் எட்டாத டெலவெயர், சம வாக்கை விட்டுக்கொடுக்க மறுத்தது. எம்மை வற்புறுத்தினால் வெளிநாட்டுத் துணையைத் தேட நேரும் என்று அதன் பிரதிநிதி ஒருவர் எச்சரிக்கவும் செய்தார்.

யூலை 16ஆம் திகதி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சமரசம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைக்கு ஏற்ற ஆசனங்கள். செனட் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு. இன்று முதலாவது சபையில் 435 பேரும் இரண்டாவதில் 100 பேரும் உள்ளனர். சட்டம் இரு சபைகளிலும் நிறைவேற வேண்டும். ஜனாதிபதி அதை மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கினர் திரண்டால் அம்மறுப்பைத் தாண்டலாம். அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று கூறும் அதிகாரம் தமக்கு உண்டென நீதிமன்றம் 1803இல் நிலைநாட்டியது. மத்திக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இன் பத்தாவது திருத்தம் கூறுகிறது. செனட்டில் ஒரு மாநிலத்துக்குள்ள சம இடத்தை அதன் சம்மதமின்றிப் பறிக்க முடியாது என்பதும் எழுதப்பட்டது.

இதன் பயன் உடனே தெரிந்தது. அரசியலமைப்பை முதன்முதலில், 1787 டிசெம்பர் 7ஆம் திகதி, ஏற்று ஒப்பமிட்டது அஞ்சி நின்ற அதே டெலவெயர்தான்.

அந்தச் சமரசங்களுக்குக் கறையும் உண்டு. அடிமைகள் ஐந்தில் மூன்று பங்கு மனிதராகக் கணக்கிடப்பட்டு, அவர்களை உடைமையாக வைத்திருந்தோரின் மாநிலங்களுக்கு ஆசனங்களைக் கூட்டிக் கொடுத்தனர், அவர்களுக்கோ வாக்கில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்க 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் ஒன்று தேவைப்பட்டது.

எழுவரின் ஏற்பாடு

வளைகுடாவுக்குத் திரும்புவோம். 1971 டிசெம்பர் 2ஆம் திகதி ஆறு அமீரகங்கள் ஐக்கிய அரபு அமீரகத்தைப் பிரகடனம் செய்தன. தயங்கி நின்ற ராஸ் அல் கைமா 1972 பெப்ரவரியில் ஏழாவதாக இணைந்தது. இங்கு இருவகைச் சமரசம் காணப்பட்டது. ஆட்சியாளர்களின் உச்ச சபையில் எழுவருக்கும் ஆளுக்கொரு வாக்கு. ஆனால் முக்கிய தீர்மானங்களுக்கு ஐந்து வாக்குகள் வேண்டும். அந்த ஐந்தில் அபுதாபியும் டுபாயும் அடங்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட தேசிய சபையில் அவ்விரண்டுக்கும் எட்டு எட்டு, சார்ஜாவுக்கும் ராஸ் அல் கைமாவுக்கும் ஆறு ஆறு, எஞ்சிய மூன்றுக்கும் நான்கு நான்கு ஆசனங்கள்.

வெளியுறவு, பாதுகாப்பு, குடியுரிமை முதலியன ஒன்றியத்துக்கு உரியவை. குறிப்பிடப்படாத அனைத்தும் அமீரகங்களுக்கு உரியவை. நிலத்தடி எண்ணெயும் அவ்வாறே. ஆகையால்தான் டுபாயில் உழைக்கும் எம்மவரின் விசா ஒன்றியச் சட்டத்தின்படி அமைய, அவரது வழக்கு பொதுவாக டுபாயின் சொந்த நீதிமன்றத்துக்குச் செல்கிறது. அமெரிக்காவில் புகலிடம் கோருவோரின் மனுவை மாநிலங்கள் அன்றி மத்திய அரசே தீர்மானிப்பதற்கும் காரணம் இத்தகைய அதிகாரப் பங்கீடே.

1971இன் அரசியலமைப்பு தற்காலிகமானது என்றே பெயர் பெற்றது. அபுதாபிக்கும் டுபாய்க்கும் இடையிலான எல்லையில் புதிய தலைநகர் எழும் என்றும் அது கூறிற்று. அந்நகர் எழவேயில்லை. 1996இல்தான் தற்காலிகம் என்ற சொல் நீக்கப்பட்டு அபுதாபி நிரந்தரத் தலைநகரானது. இருபத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து பழகிய ஒன்றியம் அது.

ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். சமஷ்டி வேறு, சனநாயகம் வேறு. அமெரிக்க ஏற்பாட்டை மாநிலங்களில் மக்கள் தெரிந்தெடுத்த மாநாடுகள் ஏற்றன. இங்கு ஆட்சியாளர்கள் தம்முள் பேசி முடித்தனர். தேசிய சபை ஆலோசனை கூறும் சபையே. அதில் பாதிப் பேரைத் தெரிவு செய்யும் முறையும் 2006இல்தான் வந்தது. கட்டாரில் ஷூரா சபைக்கு 2021 ஒக்டோபரில் முதற் தேர்தல் நடந்தது. 2024 நவம்பர் சர்வசன வாக்கெடுப்பின் பின்னர் மீண்டும் நியமன முறை வந்தது. இரு நாடுகளிலும் மக்கள் தொகையின் பெரும்பான்மையினர் எம்மைப் போன்ற வெளிநாட்டவர். அவர்களுக்கு எந்த ஆசனமும் இல்லை.

எமது மண்ணில்

இதே மாதங்களில் இலங்கை எதிர்த்திசையில் நடந்தது. சட்டவாக்கத்தில் இரண்டாவது சபையாக இருந்த செனட் 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி ஒழிக்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் பிறந்து ஆறு மாதம் நிறையுமுன், 1972 மே 22ஆம் திகதி, இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்று புதிய அரசியலமைப்பு விதித்தது. எந்தவொரு சமூகத்தையும் பாதிக்கும் சட்டம் இயற்றுதலைத் தடைசெய்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவும் அத்துடன் மறைந்தது.

இலங்கையில் சமஷ்டி முதலில் தமிழரின் கோரிக்கையாகவும் இருக்கவில்லை. 1926இல் அதனை எடுத்துரைத்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. டொனமூர் ஆணைக்குழுவிடம் அதனைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். 1949 டிசெம்பரில் தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கி அதே சொல்லை உச்சரித்தபோது அது பிரிவினை என்று பொருள்கொள்ளப்பட்டது. பிராந்திய சபைகளை மட்டும் தந்த 1957ஆம் ஆண்டின் பண்டா - செல்வா ஒப்பந்தமும் மறு ஆண்டே கைவிடப்பட்டது. நாட்டைப் பிரிக்காமல் சமஷ்டி கோருவது பிரிவினை ஆகாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி. இடையில் அறுபத்தேழு ஆண்டுகளும் ஒரு பெரும் போரும் கடந்திருந்தன. ஒற்றையாட்சி என்ற விதியோ அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையில் இன்றும் இருக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் எமது பிள்ளைகள் அமெரிக்க அரசியலமைப்பைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். அவர்களிடம் பெற்றோர் டெலவெயரைப் பற்றியும் கேட்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தோரின் அச்சத்தை ஒப்பமிடுவதற்கு முன்னரே தீர்த்த இடத்தில், அவர்களே முதலாவதாக ஒப்பமிட்டனர். ஒன்பது அமீரகங்களுக்கிடையே அது தீராதபோது இருவர் சண்டையின்றி விலகிச் சென்றனர். முதலில் நம்புங்கள், பாதுகாப்பைப் பின்னர் பார்ப்போம் என்று எமக்குச் சொல்லப்பட்டது. இனி எவர் எந்த மேசையில் எமக்காக அமர்ந்தாலும், அந்த வரிசை மாறவேண்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் நிபந்தனை.