ஒளிந்திருக்கும் கட்டியும் உறுதியிழக்கும் என்பும்



நடுவயதினர் ஒருவருக்குப் பாதத்தில் நோவு தொடங்குகின்றது. அது பின்னர் இடுப்புக்கும் விலாவுக்கும் பரவுகின்றது. கதிரையிலிருந்து எழுவதற்கும் பிறர் துணை வேண்டியதாகின்றது. விழாமலே என்பு முறிகின்றது. வாதம் என்பர் சிலர். முள்ளந்தண்டு நோய் என்பர் வேறு சிலர். மனமயக்கம் என்று ஒதுக்குவோரும் உளர். இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்த பின்னரே உண்மை வெளிப்படும் அரிய நோயொன்று உண்டு. கட்டியினால் விளையும் என்பு மென்மை நோய் என அதனைக் கூறலாம்.

என்பு உறுதிபெறக் கல்சியம் மட்டும் போதாது; பொசுபேற்றும் வேண்டும். உடலின் ஏதோவொரு மூலையில் தோன்றும் சிறு கட்டி, எஃப்.ஜி.எஃப். 23 என்னும் சுரப்பை மிகையாகச் சுரக்கின்றது. அச்சுரப்பு குருதிவழியே சிறுநீரகத்தை அடைந்து, உடலிற் காக்கப்படவேண்டிய பொசுபேற்றைச் சிறுநீருடன் கழியச் செய்கின்றது. வான்கதவு திறந்துகிடக்கும் குளத்தில் எத்துணை மழை பெய்தாலும் நீர் தங்குமா? உணவினால் வரும் பொசுபேற்றும் அவ்வாறே வீணாகின்றது. நோவு என்பில், குற்றமோ வேறிடத்தில். நோயை அறிதல் அரிதாவதற்கு இதுவே காரணம்.

1959ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து வைத்தியர் அந்திரேயா பிராடரும் அவர்தம் குழுவினரும், சிறுமி ஒருத்தியின் விலா என்பிலிருந்த கட்டியே அவளது என்புநோய்க்கு மூலம் என எடுத்துக்காட்டினர். எஃப்.ஜி.எஃப். 23 இந்நோயை விளைவிப்பது 2001இலேயே புலனாயிற்று.

நோயறியும் வழி எளிய குருதிப் பரிசோதனையில் தொடங்குகின்றது. கல்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், பொசுபேற்றோ குறைந்திருக்கும். வழமையான பரிசோதனைகளிற் பொசுபேற்று பலவேளை சேர்க்கப்படுவதில்லை; கேட்டாலன்றி அக்குறை தெரியவராது. அடுத்து, சிறுநீருடன் பொசுபேற்று கழிகின்றதா என ஆராய்வர். பரம்பரையாக வரும் இதையொத்த நோயை விலக்கக் குடும்ப வரலாற்றை வினவுவர். பின்னர் எஃப்.ஜி.எஃப். 23இன் அளவை நோக்குவர். இறுதியிற் கட்டியைத் தேடும் படலம். அது பாதத்திலோ, தொடையிலோ, மூக்கின் உட்புறத்திலோ ஒளிந்திருக்கலாம். ஆகையால் உச்சிமுதல் உள்ளங்கால்வரை கையால் தடவிப் பார்த்தலும், கலியம் 68 கொண்டு முழு உடலையும் படமெடுத்தலும் வேண்டும்.

இக்கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. முழுமையாக அகற்றின் சில நாள்களிலேயே பொசுபேற்று இயல்புநிலை எய்தும். என்பும் படிப்படியாக உறுதிபெறும். கட்டி அகப்படாவிடின் பொசுபேற்றும் செயலுருப்பெற்ற விற்றமின் டியும் கொடுப்பர். புரோசுமாப் என்னும் மருந்தும் 2020இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது.

காரணம் விளங்காத என்பு நோவும் தளர்ச்சியும் நீடிக்குமாயின், “பொசுபேற்றைப் பரிசோதித்தீர்களா?” என்று வைத்தியரிடம் பணிவுடன் வினவுதல் தவறன்று. நோயாளியின் சொல்லைப் பொய்யென்று தள்ளாதிருத்தலே நோயறிதலின் முதற்படி.