அடி வாங்கும் வாய்: விவேக்கின் காக்கா பிரியாணியும் கிக் பாக்ஸிங்கும்

நடிகர் விவேக்கின் நகைச்சுவை மேடைப் பேச்சாகத் தொடங்கி சினிமாவுக்குக் குடிபோனது. சங்கரன்கோவிலை அடுத்த பெருங்கோட்டூர் அவருடைய சொந்த ஊர். 1961இல் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து முடித்து, சென்னையில் தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கோப்புகள், ஓய்வு கிடைத்தால் மெட்ராஸ் ஹியூமர் கிளப் மேடை. அந்த மேடையில் எடுத்த பேரால்தான் கே. பாலசந்தர் முன்னால் போய் நிற்க முடிந்தது. அழைத்துப் போனவர் கிளப்பை நடத்திய பி.ஆர். கோவிந்தராஜன். 1987இல் அவர் இயக்கத்தில் விவேக் நடித்த ‘மனதில் உறுதி வேண்டும்’ வெளியானது. திரையில் முகம் பதிந்துவிட்டது என்றாலும், முன்னணி நகைச்சுவை நடிகர் என்ற இடத்தைப் பிடிக்க அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிரிப்பு மன்றப் பேச்சுக்குக் கதை தேவையில்லை. டவுன் பஸ்ஸில் ஏறும் பேச்சு அலுவலகத்தில் இறங்கும், அங்கிருந்து மிருகக்காட்சி சாலைக்குப் போகும், நடுவில் ஒரு சினிமாப் பாட்டைக் கிண்டல் செய்துவிட்டுத் தெருநாயிடம் வந்து நிற்கும். கேட்பவர்கள் அடுத்த திருப்பத்தை யோசிப்பதற்குள் பேசுபவர் அதைத் தாண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. விவேக் படங்களில் பேசியதும் இந்த வகைதான். செய்தித்தாள் துணுக்கு, விளம்பர வாசகம், பாதி ஆங்கிலம், பழைய படத்தின் வசனத்தை உல்டா செய்தது, எல்லாம் ஒரே மூச்சில் வரும். உடம்பை வைத்துச் சிரிக்க வைப்பதில் வடிவேலுவுக்கு ஈடு இல்லை. எதிராளியை ஒரு சொல்லில் மடக்குவதில் கவுண்டமணிதான். விவேக்குக்கு இரண்டும் இரண்டாம்பட்சம்; அவருடைய முதல் முழுக்க நாக்கில் இருந்தது. சமயத்தில் அது அளவுக்கு மீறி ஓடும். பிரசாரம் செய்தே தீருவது என்று அவர் முடிவெடுத்துவிட்ட காட்சிகளில் சிரிப்பு நொண்டியதும் உண்டு.

இந்தப் பேச்சுக்குச் சரியான தீனி போட்டது பெருநகரம். லிங்குசாமி இயக்கிய ‘ரன்’ (2002) படத்தில் விவேக் நடித்த வெளியூர்க்காரன் சென்னைக்கு வந்து சேர்கிறான். அடுத்தடுத்து ஏமாற்றப்படுகிறான். கையில் இருப்பது ஒவ்வொன்றாகப் போகிறது. மலிவாகக் கிடைத்த பிரியாணியை ருசித்துத் தின்ற பிறகுதான் அது காக்காக் கறி என்று தெரிகிறது. நாயகனின் காதல் கதைக்கும் இந்தப் பகுதிக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் ‘காமெடி டிராக்’ என்பது தனியாக யோசித்து, தனியாக எழுதி, கதைக்கு நடுவே செருகப்படுவது. மேடைப் பேச்சாளருக்கு இது வரப்பிரசாதம். கதையின் கடிவாளம் இல்லாமல் போகிற போக்கில் பேசலாம்.

காக்கை அந்த இடத்துக்கு வந்தது தற்செயலாக இருக்க முடியாது. கோழி, புறா, காடை எதைச் சொன்னாலும் அந்த அதிர்ச்சி கிடைக்காது. தமிழ் வீடுகளில் அமாவாசைக்கும் திதிக்கும் முதல் பிடிச் சோறு காக்கைக்குத்தான். முன்னோர் அந்த வடிவில் வருவதாக நம்பிக்கை. அது வந்து கொத்தினால்தான் வீட்டாருக்கு இலை. அப்படிச் சோற்றுக்கு முதல் உரிமை உள்ள பறவையே சோற்றுக்குள் கிடந்தது என்பதில்தான் நகைச்சுவையின் கூர்மை இருக்கிறது. காக்கை மனிதக் குடியிருப்பை ஒட்டியே வாழும் பறவை. குப்பை பெருகினால் அதுவும் பெருகும். நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்டுயிர் வேறு இல்லை. சட்டம் அதை வேறு கண்ணால் பார்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையையும் தீங்குயிர்களின் பட்டியலில், அதாவது ஐந்தாம் அட்டவணையில் வைத்தது. ‘ரன்’ வெளியானபோது நடப்பில் இருந்தது அதுதான். 2022இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. இடையில், 2020இல், ராமேஸ்வரத்தில் காக்கைகளைக் கொன்று இறைச்சிக்காக விற்றதாக ஆட்கள் பிடிபட்ட செய்தி வந்தது. உடனே எல்லோருடைய வாயிலும் வந்தது விவேக்கின் பிரியாணிதான். பெருங்கோட்டூருக்குப் பக்கத்து டவுனான சங்கரன்கோவிலோ ஆட்டுக்கறி பிரியாணிக்குப் பேர் போன ஊர். திருநெல்வேலி, ராஜபாளையம் பக்கமிருந்து அதற்கென்றே வண்டி கட்டி வருபவர்கள் உண்டு. அந்த மண்ணைச் சேர்ந்தவர் நகரத்துப் பிரியாணியின் மேல் சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்தது சண்டை. பூலித்தேவனின் நெற்கட்டும்செவலும் இதே வட்டாரம்தான். இங்கே கதைப்பாட்டு என்றால் வெட்டு, குத்து, வீர மரணம். வில்லுப்பாட்டில் கொண்டாடப்படும் தெய்வங்களில் பாதிப் பேர் சண்டையில் மாண்டவர்கள். அந்த மரபுக்கு நேர் எதிர்த் திசையில் நிற்பவர்கள் விவேக்கின் பாத்திரங்கள். ஓங்கிய கையைக் கண்டால் முதலில் பேசிப் பார்ப்பார்கள், பேச்சு எடுபடவில்லை என்றால் ஓடுவார்கள்.

கிக் பாக்ஸிங்கை மையமாக வைத்த இரண்டு தமிழ்ப் படங்களில் அவர் இருக்கிறார். ஒன்று விஜய் நடித்த ‘பத்ரி’ (2001), தெலுங்கில் வந்த ‘தம்முடு’வின் தமிழ் வடிவம். மற்றது ஜெயம் ரவி நடித்த ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’ (2004). இதுவும் தெலுங்கிலிருந்து வந்ததே. தந்தையைத் தேடி மலேசியாவுக்குப் போகும் மகனின் கதை. கிக் பாக்ஸிங் என்னும் விளையாட்டு, தாய்லாந்தின் முவாய் தாயும் கராத்தேயும் கலந்து 1960களில் ஜப்பானில் உருப்பெற்றது. காலால் உதைக்கலாம், கையுறை மாட்டிய கையால் குத்தலாம். சிலம்பமும் மல்யுத்தமும் தெரிந்த தமிழ் ரசிகர்களுக்கும், வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை அறிந்தவர்களுக்கும்கூட அது புது வரவு. இந்த வகைப் படங்களின் அமைப்பு ஒன்றுதான்: அவமானம், பயிற்சி, கடைசியில் மேடைச் சண்டை. வியர்வையும் இரத்தமும் நிறைந்த அந்த இறுக்கத்தில் பார்வையாளர் மூச்சுவிட ஓர் ஆள் வேண்டும். நாயகன் உடம்பை முறுக்கேற்றிக்கொண்டிருக்க, அடிதடியில் நம்பிக்கையில்லாத சாதாரண மனிதனின் கட்சியை எடுத்துப் பேசுவது நகைச்சுவை நடிகரின் வேலை. உதை வாங்கினால் வலிக்கும் என்ற எளிய உண்மையைச் சண்டைப் படத்தில் சொல்ல அனுமதி உள்ளவர் அவர் மட்டும்தான்.

இதன் உச்சம் சுராஜ் இயக்கிய ‘படிக்காதவன்’ (2009). அதில் விவேக்கின் பெயர் அசால்ட் ஆறுமுகம். பெரிய ரவுடி என்று ஊரை நம்பவைக்கத் துடிக்கும் ஆள். தொழில் முழுக்க உதார். உடை, நடை, பேச்சு எல்லாம் தாதாவுக்கு உரியவை. விழுகிற அடி மட்டும் நிஜம். சென்னை வழக்கில் ‘பில்டப்’ என்று சொல்லப்படும் நோய்க்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்ப் படங்களில் குறைவு. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலு, கைப்புள்ளையாக இதே நிலத்தை உழுதிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கைப்புள்ள அடி வாங்கிய பிறகுதான் சிரிப்பு தொடங்கும். நடையும் முகமும் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆறுமுகத்திடம் சிரிப்பு அடிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அடி, வாயாடியதற்கு வந்து சேரும் பில்.

தொலைக்காட்சி வந்து இந்தக் காட்சிகளைப் படங்களிலிருந்து பிரித்தெடுத்தது. சிரிப்பொலி, ஆதித்யா போன்ற சேனல்கள் நாள் முழுக்க நகைச்சுவைக் காட்சிகளை மட்டுமே ஓட்டின. ‘ரன்’ படத்தில் நாயகனுக்கு என்ன ஆனது என்று நினைவில்லாதவர்களும் பிரியாணிக் காட்சியை வரி மாறாமல் சொல்வார்கள். கதையோடு ஒட்டாமல் எழுதப்பட்டவை என்பதால் தனியே எடுத்தாலும் அவை பழுதாகவில்லை.

திரைக்கு வெளியிலும் அவர் பேச்சு நிற்கவில்லை. அங்கே அது மரம் நடுவதாக மாறியது. அப்துல் கலாமின் யோசனைப்படி 2010இல் ‘கிரீன் கலாம்’ திட்டத்தைத் தொடங்கினார். இலக்கு ஒரு கோடி மரக்கன்றுகள். பள்ளி, கல்லூரிகளில் அவர் பேசிய கூட்டங்கள் பெரும்பாலும் கன்று நடுவதில் முடியும். 33 லட்சத்துக்கு மேல் நடப்பட்டிருப்பதாக அவர் மறைந்த சமயத்தில் செய்திகள் தெரிவித்தன. மூடநம்பிக்கையைப் பகடி செய்ததற்காகச் ‘சின்னக் கலைவாணர்’ என்ற பட்டம் முன்பே ஒட்டிக்கொண்டிருந்தது. 2009இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார். அவர் குடியிருந்த விருகம்பாக்கம் பகுதித் தெருவுக்கு மறு ஆண்டு ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று பெயர் வைத்தார்கள்.

முன்பே நடித்து முடித்த காட்சிகள் அவர் போன பிறகும் வந்துகொண்டிருந்தன. ஷங்கரின் ‘இந்தியன் 2’ 2024 ஜூலையில் வெளியானது. விசாரணை அதிகாரியாக அதில் விவேக் வருகிறார். டப்பிங் பேச அவர் இல்லாததால், அவரைப் போலவே பேசக்கூடிய மிமிக்ரி கலைஞர் ஒருவர் குரல் கொடுத்திருந்தார்.