பழைய ரேஸ் சைக்கிளுக்கு பார்ட்ஸ் தேடுறீங்களா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் நடக்கும் 'லெரோய்கா' பயணம், முக்கியமாக 1987 வரை தயாரான ரேஸ் சைக்கிள்களுக்கானது.

என்னென்ன பார்ப்பாங்க?

கியர் லீவர் ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இருக்கணும். பிரேக் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்கு வெளியே தெரியணும். பெடலில் கிளிப்பும் வாரும் வேண்டும்.

சிக்கல் எங்கே?

கிராங்க் அச்சைத் தாங்கும் 'பி.பி. கப்'பில்தான். பிரிட்டிஷ் கப் சுமார் 34.8 மி.மீ., பிரெஞ்சு 35 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் மரை வேறு. இத்தாலி கப்போ 36 மி.மீ.

மாற்றி வாங்கி வலுக்கட்டாயமாகத் திருகினால், ஃபிரேமின் மரையே போயிடும். பார்ட்ஸை மாற்றலாம்; பழைய ஃபிரேம் திரும்பக் கிடைக்காது. அதனால் முதலில் மரையை அளந்துடுங்க. எந்த வருஷத்து பார்ட்ஸ் என்பதை அப்புறம் பார்க்கலாம்.