கேட் தேர்வுக்குக் கணக்குப் பழக்கம்

கேட் தேர்வில் 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பெரும்பாலான பொறியியல் தாள்களில் இதில் 13 மதிப்பெண் பொறியியல் கணிதத்துக்குப் போகிறது. பொதுத்திறனுக்கான 15 மதிப்பெண்ணிலும் கணக்கு கலந்தே வரும். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் எம்.டெக். படிக்க விரும்பும் பெரும்பாலோருக்கு முதல் வாசல் இந்தத் தேர்வுதான். 1909-இல் தொடங்கிய அந்தக் கழகத்தை ஊரின் பழைய ஆட்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்கிறார்கள். தேர்வை முறை வைத்து நடத்தும் எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று; மற்ற ஏழும் ஐ.ஐ.டி.கள்.

கணக்குப் பகுதியின் பாடத்திட்டம் சிறியது. மேட்ரிக்ஸ், கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், நிகழ்தகவு ஆகியவை ஏறக்குறைய எல்லாப் பொறியியல் தாள்களிலும் உண்டு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குள் படித்து முடித்தவைதான் பெரும்பாலும். அதனாலேயே பலரும் கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிப்ரவரியில் தேர்வு என்றால் ஜனவரியில்தான் நோட்டைத் திறக்கிறார்கள். பாடம் அப்போதும் நினைவில் இருக்கும், கைதான் ஓடாது.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு நேரம்தான் பெரிய சிக்கல். வெளிவட்டச் சாலை நெரிசலில் வீடு வந்து சேர்ந்த பிறகு புத்தகத்தில் மனம் செல்வதில்லை. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் ஞாயிறு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் போடுவதைவிட, அலுவலகம் கிளம்புமுன் தினமும் 45 நிமிடம் போடுவது மேல். படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அதிக நாள் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மையே சோதித்து எழுதிவைத்தார்.

அந்த 45 நிமிடத்தில் கை எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். தளத்தின் வீடியோ பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, நல்ல பாடங்கள். ஆனால் ஆசிரியர் கணக்கைப் போடுவதைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகவே தோன்றும். வீடியோவை நிறுத்திவிட்டு, அதே கணக்கை வெற்றுத்தாளில் முதலிலிருந்து போட்டுப் பார்த்தால்தான் எந்த வரியில் தடுக்கிறது என்று தெரியும்.

விடையைச் சரிபார்ப்பதும் இதே பழக்கத்தில் சேர்ந்தது. முதல் வரிசையில் 4, 1. இரண்டாவதில் 2, 3 என்று ஒரு மேட்ரிக்ஸ். அதன் ஐகென் மதிப்புகள் 5, 2 என்று விடை வருகிறது. மூலைவிட்ட எண்கள் 4, 3, கூட்டினால் 7. ஐந்தும் இரண்டும் கூட்டினாலும் 7. டிட்டர்மினன்ட் 12 கழித்தல் 2, அதாவது 10. ஐந்தையும் இரண்டையும் பெருக்கினாலும் 10. விடை சரி. பத்து விநாடி வேலைதான். விருப்ப விடைகள் இல்லாமல் எண்ணையே உள்ளிட வேண்டிய கேள்விகளில் இந்தப் பத்து விநாடிதான் துணை.

தவறுக்கென்று தனி நோட்டு வேண்டும். தப்பாகப் போன ஒவ்வொரு கணக்குக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்: குறி மாறியது, கேள்வியைப் பாதியில் விட்டது, சூத்திரம் மறந்தது. ‘கவனக்குறைவு’ என்று எழுதி நிறுத்தினால் பயனில்லை, அதை வைத்து எதையும் திருத்த முடியாது. ஒரு மாதம் இப்படி எழுதினால் ஒரே மூன்று நான்கு தவறுகள் மாறி மாறி வருவது கண்ணில் படும். அதே கணக்குகளை வாரம் கழித்து, தலைப்புகளைக் கலந்து மறுபடி போட வேண்டும். தேர்வில் எந்தக் கேள்வியும் தன் பாடத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது.

தேர்வில் சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. திரையில் இருப்பதை மவுஸால் அழுத்தியே போட வேண்டும். பழகாத கைக்கு அது நேரத்தைத் தின்னும். ஆகவே மாக் டெஸ்ட் எழுதும்போது வீட்டிலும் அதே முறைதான். ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். 12 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக 3 சரியாகும், 9 தவறாகும். வந்த மூன்றும் போய்விடும். ஒவ்வொன்றிலும் ஒரு விடையை உறுதியாக விலக்க முடிந்தால் 4 சரி, 8 தவறு. ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் மிஞ்சும்.

ஆய்வுப் படிப்புகளுக்கு இந்திய அறிவியல் கழகம் நேர்காணலும் வைக்கிறது. அங்கே விடையைவிடக் காரணத்தைத்தான் துருவுவார்கள். ஐகென் மதிப்புகளின் கூட்டுத்தொகை ஏன் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று கேட்டால், தினமும் பத்து விநாடியில் சரிபார்த்தவருக்கும் அது போதாது. சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுதி, அதன் கெழுக்களிலிருந்து காட்டத் தெரிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் 45 நிமிடத்தை ஒரே ஒரு சூத்திரத்தை வருவிப்பதற்கு ஒதுக்குவது இதற்காகத்தான்.