பெட்டியில் அச்சிட்ட எண்ணும் கைக்கு வந்த பைனாக்குலரும்

‘100x180 சக்தி, இருபது கிலோமீட்டர் வரை துல்லியம், இரவிலும் பகல்போல் தெரியும், இன்று மட்டும் பாதி விலை.’ வானம் பார்க்க ஆசைப்பட்டு மலிவு விலையில் பைனாக்குலர் தேடும் எவர் கண்ணிலும் முதலில் படுவது இந்த மாதிரி விளம்பரம்தான். மயிலாப்பூரில் மொட்டை மாடியிலிருந்து நிலாவைப் பார்க்க விரும்பும் எட்டாம் வகுப்பு மாணவியின் வீட்டிலும், பணி ஓய்வு பெற்றுப் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கும் அடையாறு பெரியவரின் வீட்டிலும் இரண்டாயிரமோ மூவாயிரமோ ஒதுக்குவது யோசித்துச் செய்கிற செலவு. அந்தப் பணத்துக்கு மங்கலாக இரட்டை உருவம் காட்டும் கருவி வந்து சேர்ந்தால், பணத்தோடு ஆர்வமும் போய்விடுகிறது. எனக்கு அதிகம் வலிப்பது இரண்டாவது இழப்புதான்.

பைனாக்குலரில் எப்போதும் இரண்டு எண்கள் இருக்கும். 10x50 என்றால், பொருள் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். முன்பக்க லென்ஸ் ஒவ்வொன்றின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். இவ்வளவு தெரிந்தாலே மேற்சொன்ன விளம்பரம் பொய் என்பது விளங்கிவிடும். அது உண்மையானால் கருவியின் முன்னே டிபன் தட்டு அகலத்துக்கு இரண்டு லென்ஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்க்கவே முடியாது.

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதலில் முன் லென்ஸின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். பிறகு பைனாக்குலரைக் கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வெளிச்ச வானத்தை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் லென்ஸ்களின் நடுவில் சின்னதாக ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் குறுக்கே ஸ்கேலை வைத்து அளவெடுங்கள். முன் லென்ஸின் அளவை இந்த வட்டத்தின் அளவால் வகுத்தால் கிடைப்பதுதான் கருவியின் சக்தி. லென்ஸ் 50 மி.மீ., வட்டம் 5 மி.மீ. என்றால் பத்து மடங்கு. பெட்டியில் 60x60 என்று போட்டிருக்க, லென்ஸ் 40, வட்டம் 4 என்று வந்தால் அதுவும் பத்து மடங்குதான். உள்ளே வளையம் வைத்து லென்ஸின் ஓரத்தை மறைத்திருந்தால், உண்மையான சக்தி இந்தக் கணக்கில் வருவதைவிடவும் குறைவாக இருக்கும். அளந்த கையோடு, ஸ்கேலும் கருவியும் சேர்ந்து தெரிவதுபோல் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் அது நல்ல சாட்சி.

சக்தி கூடினால் நன்றாகத் தெரியும் என்ற எண்ணத்தை வளர்த்ததும் விளம்பரங்கள்தான். ஆனால் கை நடுங்குவதும் அதே அளவு பெரிதாகும். பத்து மடங்குக்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் நட்சத்திரம் ஓரிடத்தில் நிற்காது. பறவை பார்க்க 8x42, வானத்துக்கு 7x50 அல்லது 10x50 என்பது பல்லாண்டுகளாக ஆர்வலர்கள் கண்ட அளவு. இளம் வயதில் இருட்டில் கண்மணி ஏழு மி.மீ. வரை விரியும், வயதாக ஆக ஐந்துக்குக் கீழேகூடப் போகும். அதனால் 7x50 தரும் ஏழு மி.மீ. ஒளி முழுவதும் பெரியவர்களின் கண்ணுக்குள் போகாது. அவர்களுக்கும், விளக்கொளி நிறைந்த தி.நகர் வானத்துக்கும் 10x50 பொருத்தம் என்பது என் கருத்து. 8-லிருந்து 24 வரை கூட்டிக் குறைக்கும் ‘ஜூம்’ ரகங்களை மலிவு விலையில் வாங்கவே வேண்டாம். ‘நைட் விஷன்’ என்று பெயர் மட்டும் ஒட்டிய சாதாரணக் கருவிகளும் அப்படியே. மின்கலமோ உணர்கருவியோ இல்லாத பைனாக்குலர் இருட்டில் பார்க்க வைக்காது.

நல்ல 10x50 எதைக் காட்டும்? நிலாவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத பல விண்மீன்கள், ஓரியனின் வாளில் உள்ள ஒளிப்புகை, அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள். சனியின் வளையத்தைக் காட்டாது; காட்டும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கொடுப்பினை உண்டு. நாம் 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், வடநாட்டில் தொடுவானத்தில் மறைந்து கிடக்கும் தென்வானம் நமக்குத் திறந்திருக்கிறது. 1792-இல் எழுந்த நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து 1867-இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி கண்டறிந்த ‘ஆர் ரெடிகுலி’ என்ற மாறொளி விண்மீன், இங்கே தெற்கில் சுமார் 14 பாகை உயரம்தான் எழும். அந்தத் தென்திசையிலேயே, மே மாதம் இரவு ஒன்பது பத்து மணிக்குச் சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து நிற்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் தெரு விளக்குக்கு முதுகு காட்டி நின்றால், பைனாக்குலரில் பஞ்சுப் பொட்டுபோல் தெரியும். பகலில் இதே கருவி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் அடையாறு முகத்துவாரத்திலும் உதவும். 2022-இல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

ஆபத்து ஒன்றைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். பைனாக்குலரால் சூரியனைப் பார்த்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். 50 மி.மீ. லென்ஸ், பகலில் சுருங்கியிருக்கும் கண்மணியைவிடப் பல நூறு மடங்கு ஒளியைத் திரட்டி விழித்திரையில் கொட்டுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுட்டதே உடனே தெரியாமல் போகும். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைனாக்குலரில் பார்ப்பதும் தப்பு. குவிந்து வரும் ஒளியும் வெப்பமும் அந்தத் தாளைப் பொசுக்கிவிடும். சூரிய வடிகட்டியை முன் லென்ஸ்கள் இரண்டின் மேலும் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். 2024 செப்டம்பர் கடைசியில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் விடியலுக்கு முன் கிழக்கில் தெரிந்தது. நம் கடற்கரையில் சூரியன் எழுவதும் அதே திசையில்தான். அதுபோன்ற நேரங்களில் சூரியன் எழுவதற்கு நன்றாக முன்பே கருவியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். 2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவின் பெரும்பகுதியில் பகுதி சூரிய கிரகணம் தெரியப்போகிறது. 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் கங்கண கிரகணம். அதற்குள் வாங்குபவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் தெருவில் இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர் வீட்டு ஜன்னல் பக்கம் கருவி திரும்பக் கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

கடையில் இன்னும் சில சோதனைகள் உண்டு. ‘கொஞ்சம் வெளியே எடுத்துப் போய்ப் பார்க்கலாமா, அண்ணே?’ என்று கேளுங்கள். தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையின் எழுத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது எழுத்து இரட்டிக்கிறதா, கண் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இரு குழல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாத குறை அது. முன்பு அளந்த வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருந்தால் பிரிசம் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால், ‘பி.ஏ.கே.4’ என்ற உயர்ரகப் பிரிசக் கண்ணாடி என்று பெட்டி சொன்னாலும் நம்பத் தேவையில்லை. மாணிக்கச் சிவப்பில் மின்னும் லென்ஸ் பார்க்க அழகு. ஆனால் சிவப்பு ஒளியைத் திருப்பியடிப்பதால் காட்சியின் நிறம் மாறும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடேயே பார்த்து வாங்க வேண்டும். பழைய கருவி என்றால் முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம். உத்தரவாதம் பொதுவாக இதற்குப் பொருந்தாது. வாங்கியதும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

பெட்டியின் ஒட்டுத்தாளையும் படியுங்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, தயாரித்த மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யத் தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முகவரியே இல்லாத பெட்டியை வாங்கினால் பிறகு யாரிடம் போய் நிற்பது? எம்.ஆர்.பி.க்கு மேல் விலை கேட்டாலும், இந்த விவரங்கள் இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

இனி ரசீது. ‘பில் போட்டால் விலை கூடும் சார்’ என்பார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு, பணம் போனதைக் காட்டும். என்ன பொருள், என்ன மாதிரி என்பதைக் காட்டாது. பொருளின் மாதிரி எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற நடைமுறைதான். ஆனால் கருவி சொன்னபடியே இருந்து, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமையை இந்தச் சட்டம் தரவில்லை. அது கடைக்காரரின் கொள்கையைப் பொறுத்தது. வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது.

இணையத்தில் வாங்கும்போது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணைக்கு இருக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ‘மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்’ என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தாலும் இந்த விதியைக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விற்பனையாளரே வாங்கியவர்போல் நடித்து நட்சத்திர மதிப்பீடு எழுதுவதும் தடைசெய்யப்பட்டது. இங்கே உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். பணம் கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். புகார் எழுந்தபின் பக்கத்தில் வாசகம் மாறிவிட்டால் ‘100x180’ என்று அவர்கள் சொன்னதை நிரூபிக்க வேறு வழியில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் இடைவிடாமல் வீடியோ எடுங்கள். பெயர் தெரியாத தளத்தில் பணம் கட்டி, பொருளும் வராமல் தளமும் காணாமல் போனால் அது மோசடி. நேரம் கடத்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

விற்றவர் அசையவில்லையென்றால் அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஒரே பொய் விளம்பரத்தால் பலர் ஏமாறுகிறார்கள் என்றால், மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் தரலாம். தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். பரிந்துரைத்துப் பேசும் பிரபலமும் அதற்கு உட்பட்டவரே.

பணம் திரும்பவும் இழப்பீடும் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டும். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மயிலாப்பூர், அடையாறு பகுதிக்காரர்களுக்கு அது சென்னை (தெற்கு). ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கத் தேவையில்லை, நீங்களே பேசலாம். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு முன், பதினைந்து நாள் கெடு வைத்து விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். கடிதத்தின் நகலும் ரசீதும் மனுவோடு போகட்டும். அவற்றோடு பில், ஸ்கிரீன்ஷாட், ஸ்கேல் வைத்து எடுத்த படம், பெட்டி. ‘கருவி சரியில்லை’ என்று பொதுவாக எழுதாமல், ‘பெட்டியில் 60 மடங்கு என்றிருக்கிறது, லென்ஸ் 40 மி.மீ., வெளிச்ச வட்டம் 4 மி.மீ., ஆகவே பத்து மடங்குக்கு மேல் இல்லை’ என்று கணக்கோடு எழுதுங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால் ஆணையம் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லவும் கூடும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கலாம். தீர்ப்பு வந்த பிறகும் விற்றவர் பணம் தரவில்லையென்றால் அதே ஆணையத்தில் 72-ஆம் பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமிருக்கிறது.