சொல்லி விற்ற சரக்கு: கேப்டன் கிருஷ்ணன் நாயர்

திருவண்ணாமலையில் கடை வைத்திருக்கும் நமக்கு ஒரு தனி வசதி உண்டு. அதுவே தனிச் சோதனையும் ஆகும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும், கார்த்திகை தீபத்திற்குத் திரளும் லட்சக்கணக்கானோரும் நம் கடைகளில் சரக்கு வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். வாங்கிய துண்டு சாயம் போனாலும், வாங்கிய புளியில் கொட்டை மிகுந்திருந்தாலும், திரும்பி வந்து கேட்க அவர்களால் இயலாது. கேட்க ஆள் வராத வியாபாரத்தில் நாணயத்தைக் காப்பது எப்படி? இக்கேள்விக்குப் பதிலாக ஒரு பழைய படைவீரரின் வாழ்க்கையை நினைவுகூர விரும்புகிறோம். அவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர்.

1922ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் கண்ணூர்ப் பகுதியில் பிறந்தவர் அவர். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். குடும்பம் எளிய குடும்பம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக்குச் சென்று, இன்று பாகிஸ்தானில் உள்ள அபோட்டாபாத்தில் வயர்லெஸ் அதிகாரியாகப் பணியாற்றினார். கேப்டன் பதவி வரை உயர்ந்தார். 1950இல் லீலா அம்மையாரை மணந்தார். மாமனார் கண்ணூரில் கைத்தறித் தொழில் நடத்தியவர். ராணுவத்திலிருந்து விலகி வந்த மருமகனுக்கு அந்தத் தறிச் சத்தமே புதிய தொழிலாயிற்று. சீருடையைக் கழற்றிவிட்டுத் துணி மூட்டையைத் தூக்க அவர் வெட்கப்படவில்லை. கைத்தறித் துணிக்கு வெளிநாட்டில் சந்தை தேடி அலைந்தார்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு நாயர் காட்டிய சரக்கு நமக்கு அந்நியமானதல்ல. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்தில் உள்ள குறிஞ்சிப்பாடியில் நெய்த கட்டம் போட்ட துணிதான் அது. இயற்கைச் சாயம் தோய்த்தது. நல்லெண்ணெய் வாசம் வீசுவது. ஜேக்கப்சனுக்குப் பிடித்துப் போயிற்று. கெஜம் ஒரு டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். அன்றைய மதிப்பில் ஒரு டாலர் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

விலை பேசியபோதே நாயர் ஒரு விஷயத்தையும் சொல்லியிருந்தார். இந்தத் துணி சாயம் விடும். குளிர்ந்த நீரில், தனியாக, மென்மையாகத்தான் அலச வேண்டும் என்பதே அது. சரக்கின் குறையை விற்பவரே வாய்திறந்து சொன்னார். ஆனால் அந்தச் சொல் அதற்கு மேல் பயணம் செய்யவில்லை. ஜேக்கப்சன் சுமார் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார் என்பார்கள். சரக்கு போயிற்று, அலசும் முறை போகவில்லை. வாங்கியவர்கள் மற்றத் துணிகளோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். கட்டத்தின் நிறமெல்லாம் ஒன்றோடொன்று கலந்தது. கூடக் கிடந்த உடுப்புகளிலும் ஏறிற்று. புகார்கள் குவிந்தன. வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவருக்கு, செய்தி நடுவழியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இக்கட்டிலிருந்து மீண்ட விதம்தான் வணிகர்கள் கவனிக்க வேண்டியது. அவர்கள் குறையை மூடி மறைக்கவில்லை. சரக்கைப் பழித்து ஒதுக்கவும் இல்லை. சாயம் போகும் என்பதையே முன்வைத்து விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு முறை அலசும்போதும் நிறங்கள் கலந்து புதிய அழகு பெறும் கைநெசவுத் துணி என்றார்கள். உறுதியாகச் சாயம் விடும் என்று உத்தரவாதமே கொடுத்தார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் 1960களில் அமெரிக்க இளைஞர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. முன்பு சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லி விற்றார்கள். மாறியது அது ஒன்றுதான்.

பின்னர் நாயர் மும்பையில் 'லீலா லேஸ்' என்ற நிறுவனத்தை நடத்தி ஆடை ஏற்றுமதியில் பெயர் பெற்றார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஹோட்டல் தொழிலில் இறங்கினார். 1980களின் பிற்பகுதியில் மும்பை விமான நிலையத்திற்கு அருகே முதல் ஹோட்டலைத் திறந்து, அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார். 2010இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 2014ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், 92ஆம் வயதில் மறைந்தார். அவரது தொழில் வாழ்வில் எல்லாம் வெற்றியாக முடிந்தது என்றும் சொல்வதற்கில்லை. பெரிய ஹோட்டல்களுக்காக வாங்கிய கடன் குடும்பத்தை அழுத்திற்று. 2019இல் சென்னை ஹோட்டல் உள்ளிட்ட சில ஹோட்டல்கள் கனடா நாட்டு நிறுவனத்திற்குக் கைமாறின. கடன் வாங்கித் தொழிலை விரிப்போருக்கு இதுவும் ஒரு பாடம்.

நாம் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் குறிஞ்சிப்பாடித் துணியிலே இருக்கிறது. புது அரிசி குழையும், தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குபவர் மனம் கோணமாட்டார். சொல்லாமல் கொடுத்தால், சோறு குழைந்த அன்று அரிசியையும் கடையையும் சேர்த்தே திட்டுவார். ஆரணிப் பட்டை எப்படி அலசுவது, மடித்து எப்படி வைப்பது என்பதைப் பில்லோடு ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கமிஷன் மண்டியில் சொன்னது சில்லறைக் கடையோடு நின்றுவிடக் கூடாது. சமையலறை வரை போய்ச் சேர வேண்டும். சட்டமும் இப்போது இதைத்தான் கேட்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உற்பத்தியாளர் தரும் எச்சரிக்கையையும் உபயோக முறையையும் வாங்குபவரிடம் சேர்ப்பிக்கத் தவறி, அதனால் அவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பாவார்.

சட்டத்திற்கு அஞ்சிச் சொல்வது ஒரு வகை. ஊர் பேருக்காகச் சொல்வது அதனினும் மேல். அண்ணாமலையில் வாங்கியது என்று வீட்டுக்கு வீடு காட்டும் பொருளில் நம் ஒவ்வொருவர் கடைப் பெயரும் அடங்கியிருக்கிறது. திரும்பி வர மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடமும் சரக்கின் குணத்தைச் சொல்லியே விற்போம். வணிகருக்கு அதைவிடப் பெரிய முதல் வேறில்லை.