நான் என்பது எத்தனை பேர்? – 9: பார் வைத்த சைக்கிள்

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902இல் எழுதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்தவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன், தெரிந்ததைக் கொண்டு அவர் என்னை என்னவென்று நினைக்கிறார் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். அந்த ஊகம் தரும் பெருமையும் கூச்சமும் சேர்ந்துதான் என்னுடைய ‘நான்’ என்பது அவர் கட்சி. நம் வீடுகளில் இதை ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இதைப் படிக்கும் எவருக்கும் ஒரு மறுப்பு தோன்றும். நாலு பேர் என்ன சொன்னாலும் தன் வழியில் போனவர்களே கிடையாதா? உண்டு. அப்படிப் போனவர்களைத் தேடினால் புதுக்கோட்டையில்தான் முதலில் நிற்க வேண்டும்.

முத்துலட்சுமி 1886இல் அங்கே பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இப்படிப் பிறந்த பெண் பிற்காலத்தில் என்னவாவாள் என்பதில் அன்றைய ஊருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அவர் மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, பெண் என்பதற்கும் பிறந்த குலத்துக்கும் சேர்த்தே எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். அதன் பிறகும் மூடிய வண்டியில் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது. நாலு பேரில் ஒருவர் ராஜாவாக இருந்தது அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

அடுத்து நடந்தவை பள்ளிப் பாடத்தில் இருப்பவை. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம், 1927இல் சென்னை சட்டமன்றத் துணைத் தலைவர், பிறகு அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தேவதாசி முறையை ஒழிக்க அவர் நடத்திய போராட்டம் 1947இல் சட்டமானது.

அவர் மாறினார், அவரைப் பற்றி ஊர் நினைத்ததும் மாறியது. ஆனால் ‘பொம்பளைப் பிள்ளைன்னா இப்படித்தான்’ என்ற எண்ணம் அந்த ஒருவரால் பெரிதாக அசைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘அவங்க மாதிரி எல்லாராலும் முடியுமா?’ என்று கேட்பது புகழ்ச்சி போலத்தான் இருக்கும். உண்மையில் அது மற்றப் பெண்களுக்குப் போடும் வேலி. ஒருத்தியை விதிவிலக்கு என்று உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டால், விதி பாட்டுக்குத் தன் இடத்தில் இருக்கும்.

அந்த விதியை அசைத்தது வேறு ஒரு கூட்டம். சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்து, 1974இல் தனி மாவட்டமாகி, அதற்கும் பதினேழு ஆண்டுகள் கழித்து நடந்த கதை அது.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு வகுப்புகளை நடத்தத் திரண்ட தொண்டர்களில் பெண்கள் ஏராளம். வகுப்போ பொழுது சாய்ந்த பிறகு. பக்கத்துக் கிராமத்துக்கு எப்படிப் போவது, எப்படித் திரும்புவது? பஸ் வரும் நேரம் பஸ்ஸுக்கே தெரியாது. அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால் உண்டு. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் வேலையாகச் சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது.

லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. கையில் கிடைத்ததெல்லாம் பார் வைத்த ஆம்பளை சைக்கிள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பையன்கள் குரங்கு பெடல் போட்டு விழுந்து எழுந்து கற்றுக்கொள்ளும் வண்டி அது. முப்பது வயதில் இரண்டு பிள்ளை பெற்றவள் நடுத்தெருவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பாரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். காலை ஒடுக்கி உட்காரு, சத்தம் போட்டுச் சிரிக்காதே, குனிந்த தலை நிமிராமல் நட என்று ஐந்து வயதில் இருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு அது. கூலி சொன்ன கூச்சம் புத்தகத்தில் ஒரு சொல்லாக இருக்கலாம். இங்கே அது இடுப்பிலும் தொடையிலும் இருந்தது. பேலன்ஸ் வருவதற்கு முன்னால் அது போக வேண்டும்.

அது போனதற்குக் காரணம் தனிப்பட்ட யாருடைய துணிச்சலும் அல்ல என்றே நினைக்கிறேன். ஒருத்தி ஏற, இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இன்று கற்றவள் நாளைக்கு அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், டீச்சர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் ஏறினார்கள். கிண்டல் இல்லாமல் இல்லை. நடத்தையைப் பற்றியே பேசினார்கள். ஆனால் கிண்டல் செய்ய ஒரு தனி ஆள் வேண்டும். தெருவில் பாதிப் பெண்கள் சைக்கிளில் போனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கிண்டல் செய்தவனின் தங்கையும் அந்தக் கூட்டத்தில் போய்க்கொண்டிருப்பாள்.

அந்த நாட்களில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே சுற்றித் திரிந்து எழுதினார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டால் மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் என்பது அவர் தரும் கணக்கு. 1992 மகளிர் தினத்தில் 1,500 பேருக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் ஊர்வலமாக வந்தார்கள். நான்கில் ஒருத்தியை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது.

சாய்நாத் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். சில பெண்கள் விரும்பியே ஆம்பளை சைக்கிளைக் கேட்டார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! வெட்கப்பட வைத்த அதே பார், பிள்ளைக்கு சீட் ஆகிவிட்டது. கேரியரில் தண்ணீர்க் குடமோ சந்தைக்குப் போகும் மூட்டையோ ஏறியது. யாராவது கூட்டிப்போனால்தான் போக முடியும் என்று இருந்தவள் தானே போய்த் தானே விற்று வந்தாள். வருமானம் கொஞ்சம் கூடியது, காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆனாலும் அந்தப் பெண்களில் பலர் அவரிடம் பணத்தைவிடத் தன்மானத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள்.

பிற்பாடு 2001இல் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குக் கொடுத்தது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் கிடைத்தது, பெண் ஊரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையே தளர்த்தியிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது பழைய செய்தி.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் இதே மாவட்டத்தில் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. யார் செய்தது என்ற வழக்கின் சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும். விசாரிக்கப் போன கலெக்டரும் எஸ்.பி.யும் பக்கத்து இறையூர் டீக்கடையில் பட்டியல் சாதி மக்களுக்குத் தனி டம்ளர் இருந்ததை நேரில் கண்டார்கள். கோயிலுக்குள் விடுவதில்லை என்று தெரிந்து, அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அறிவொளிக்கு முப்பது ஆண்டுகள் கழித்து! பெண்ணைப் பற்றிய எண்ணத்தை ஒன்றரை ஆண்டில் அசைத்த ஊர்களால் சாதியைப் பற்றிய எண்ணத்தை ஏன் அசைக்க முடியவில்லை? சைக்கிள் பழகும்போது எல்லா வீட்டிலும் ஒருத்தி ஏறினாள். அதனால் எல்லா வீட்டுக்கும் அது தன் வீட்டுச் சங்கதி ஆனது. சாதி விஷயத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் இறங்கி வரவில்லை. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், அவ்வளவுதான். ஒரு மன்னரின் உத்தரவு எவ்வளவு தூரம் செல்லும் என்று மேலே பார்த்தோம்.

அன்று சைக்கிள் பழகியவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் தாண்டியிருப்பார்கள். உங்கள் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ அவர்களில் ஒருவராக இருந்தால், முதல் நாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வரும் வாரங்களில் அந்தக் கடிதங்களிலிருந்து சிலவற்றைப் பேசுவோம்.

(தொடரும்)